நடு அறையில் ஒரு நீலக் கேபிள்

பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மட்டும் பின்னால் ஒரு சார் சேர்த்துக்கொள்வார்கள். புதிதாக ஒரு பிரிண்டர் வந்தாலும் சரி, மாடிக்கு ஒரு கேமரா வேண்டுமென்றாலும் சரி, நெட்வொர்க்கில் அதற்கு வழி திறந்துவிட அவரால்தான் முடியும். கேட்டால் முதலில் "இல்ல" என்பார். அப்புறம் "எதுக்கு?" என்பார். மூன்றாவது வார்த்தைக்குள் கேட்டவர் பெரும்பாலும் திரும்பிப் போயிருப்பார்.

டெலிபோன் லைன் போட வந்து அங்கேயே தங்கிவிட்டவர் அவர். ரத்தம், சிறுநீர் சோதனை செய்கிற அந்தக் கூடம் அப்போது இரண்டு அறைதான். அது நான்கு மாடியாக வளர வளர அவரும் கூடவே வளர்ந்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பார்ப்பது, முடிகிற இடத்தில் இருக்கும் பெட்டியின் கையேட்டைத் தூக்கம் வரும்வரை படிப்பது, மறுநாள் அதில் ஒன்றைச் செய்து பார்ப்பது என்றே தொழிலைக் கற்றார். கேபிள்களைக் கடையில் வாங்க மாட்டார். தானே வெட்டி, நுனியில் தலை வைத்து இறுக்கி, இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டுவார். வெளியுலகத்திலிருந்து வருவது சிவப்பு. கூடத்துக்குள் ஓடுவது நீலம். சர்வர் அறையில் பெட்டிகளை அடுக்கிய இரும்புச் சட்டமான ரேக்குக்குப் பின்னால் போய் நின்றால், படிக்கத் தெரியாதவருக்குக்கூட எது எங்கே போகிறது என்று புரியும்.

ஆனால் பின்னால் போய் நிற்க யாருக்கு என்ன வேலை? அதுதான் அவருடைய தீராத குறை. மற்றவர்கள் வேலை நடந்தால் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரியும். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யார் கை தட்டுவார்கள்?

இந்தக் குறையோடு அவர் பாட்டுக்குக் காலம் தள்ளியிருப்பார், சகலை வராமல் இருந்திருந்தால்.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பூட்டு பெரிய மாப்பிள்ளை, சகலை சின்ன மாப்பிள்ளை. மாமனார் வீட்டில் பூட்டு கால் வைத்தால் "வாங்க" என்பார்கள். சகலை கால் வைத்தால் வீடே வாசலுக்கு வரும். சகலைக்குச் சிரிக்கத் தெரியும். மாமனாரின் மூட்டு வலியை மூட்டு மூட்டாக விசாரிக்கத் தெரியும். பூட்டுக்கு இதெல்லாம் வராது. வராததை அவர் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு பூட்டு ஒரு பெருமை பேசிவிட்டார். கூடத்தின் சோதனை முடிவுகளையெல்லாம் இனி போனிலேயே பார்க்கலாம், அதற்கான வலைப்பக்கம் வரப்போகிறது, அதன் பாதுகாப்பு முழுக்கத் தன் பொறுப்பு என்றார். மாமனார் பாதுகாப்பை விட்டுவிட்டு வலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நம்ம சின்னவரும் கம்ப்யூட்டர்தானே. ஒரு வார்த்தை சொல்லிச் சேர்த்து விடுங்களேன்."

"அது வேற கம்ப்யூட்டர், மாமா."

"கம்ப்யூட்டர்ல என்ன வேற? எல்லாத்துலயும் அதே பொத்தான்தான இருக்கு."

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். பூட்டு ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த மாதமே சகலை கூடத்தில் உட்கார்ந்திருந்தார், அதுவும் ஜன்னல் ஓரத்தில். பூட்டு இத்தனை காலமாக இருந்தது ஏ.சி. இரைச்சலுக்குக் கீழே.

கூடத்தை நடத்துகிற பெரிய டாக்டர் கண்டிப்பான பெண்மணி. பூட்டிடம் அவர் இதுவரை பேசியதெல்லாம் "ஏன் வரல?" "எப்ப வரும்?" என்ற இரண்டு கேள்விகள்தான். சகலை வந்த வாரத்திலேயே அவர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ரத்தப் பிரிவு, கணக்குப் பிரிவு, வாசலில் டோக்கன் கொடுப்பவர் வரைக்கும் சகலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பூட்டுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அவர் யாரிடமும் காட்டவில்லை. கேபிள் வெட்டும் கத்தரியை மட்டும் முன்னைவிட அழுத்திப் பிடித்தார்.

*

வலைப்பக்கம் என்றால் அது ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம். தட்டுகிறவர்களில் நோயாளியும் இருப்பார், திருடனும் இருப்பான். அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் சர்வரைக் கூடத்தின் உள் நெட்வொர்க்கில், நோயாளிகளின் விவரம் எல்லாம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால், திருடன் ஒரு கதவை உடைத்தாலே வீடு முழுக்க அவனுடையது. அதனால் வெளியும் இல்லாமல் உள்ளும் இல்லாமல் நடுவில் ஒரு பகுதி கட்டி, அதில்தான் அந்தச் சர்வரை வைப்பார்கள். தொழிலில் அதற்கு டி.எம்.ஸெட் என்று பெயர். இரண்டு படைகளுக்கு நடுவே யாரும் ஆயுதம் எடுக்காத நிலத்துக்கு வைத்த பெயரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பூட்டு அதை நடு அறை என்பார்.

அதை எல்லோருக்கும் புரிய வைக்க அவருக்கு ஒரு பெட்டி கைகொடுத்தது. சிறுநீர் மாதிரி கொடுக்கும் அறைக்கும் சோதனை அறைக்கும் இடையில், சுவரில் பதித்த இரும்புப் பெட்டி அது. இரண்டு பக்கமும் கதவு உண்டு. நோயாளி தன் பக்கத்துக் கதவைத் திறந்து குப்பியை வைத்து மூடுவார். மூடிய பிறகுதான் உள்ளே இருப்பவர் தன் பக்கத்துக் கதவைத் திறக்க முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது.

"இதுதான் நடு அறை" என்று சகலையை அந்தப் பெட்டியின் முன்னால் நிறுத்திச் சொன்னார் பூட்டு. "வெளியில இருக்கிறவங்க நடு அறை வரைக்கும் வரலாம். அதுவும் ஒரே ஒரு கதவு வழியா. நடு அறையில இருந்து உள்ள போக வழியே கிடையாது. உள்ள இருக்கிறவங்கதான் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நடு அறையில வைக்கணும். வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிடணும்."

"நடு அறை உள்ள எட்டிப் பார்த்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டா என்ன சகலை? கேட்ட உடனே கிடைக்குமே."

"நடு அறை எட்டிப் பார்த்தா, நடு அறைக்கு வந்த திருடனும் எட்டிப் பார்ப்பான்."

"அதுவும் சரிதான்" என்றார் சகலை. உடனே ஒத்துக்கொண்டார். அது பூட்டுக்குப் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை மல்லுக்கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடு அறையைப் பூட்டு கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஃபயர்வால் பெட்டிக்கு அதுவரை இரண்டு கால்கள் இருந்தன, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தார். அதற்கென்று கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி தனியாக, தனி நிறத்தில் மஞ்சள் கேபிள். முதலில் எல்லா வழியையும் அடைத்தார். பிறகு தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் சோதித்தார். போனில் வைஃபையை அணைத்துவிட்டு வெளியாளைப் போல வந்து தட்டிப் பார்த்தார். நடு அறைச் சர்வரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதிலிருந்து உள்ளே போக முயன்று பார்த்தார். முயற்சி தோற்றது. தோற்க வேண்டும் என்பதுதான் சோதனை. தோற்றதில் அவருக்கு உண்டான மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அங்கே ஆள் இல்லை. அதே நேரத்தில் ஜன்னல் பக்கம் சகலையைச் சுற்றி ஒரு கூட்டம், வலைப்பக்கத்துக்குப் பச்சை நன்றாக இருக்கிறதா நீலம் நன்றாக இருக்கிறதா என்று ரசித்துக்கொண்டிருந்தது.

*

உள்ளே இருந்து முடிவுகளை நடு அறைக்குக் கொண்டுவந்து வைக்க ஒரு சிறு நிரலைப் பூட்டு அமைத்திருந்தார். அது மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓடும். சகலைக்கு அது போதவில்லை. டாக்டர் ஒரு முடிவில் கையெழுத்துப் போட்ட உடனே அது வலைப்பக்கத்தில் தெரிய வேண்டும் என்றார். அதற்குக் கையெழுத்துப் போடும் கணினியிலிருந்து நடு அறைக்கு ஒரு சின்ன வழி திறந்தால் போதும். உள்ளிருந்து வெளியே போகிற வழி. அதில் ஆபத்து எதுவும் இல்லை. இது சகலையைவிடப் பூட்டுக்கே நன்றாகத் தெரியும்.

முதல் தடவை கேட்டபோது "எந்த மெஷின்? எந்த போர்ட்?" என்று கணினியையும் கதவு எண்ணையும் கேட்டார். சகலை எழுதி அனுப்பினார். இரண்டாம் தடவை "காரணம் போதாது" என்றார். சகலை காரணத்தை விரித்து எழுதினார். மூன்றாம் தடவை "பாக்கறேன்" என்றார். பூட்டு வாயிலிருந்து "பாக்கறேன்" வந்துவிட்டால் அந்தக் காரியம் கிணற்றில் போட்ட கல் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதைப் பாதுகாப்பு என்றே அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் சகலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது முதுகு கொஞ்சம் தொங்கியிருந்ததே, அதைப் பார்க்கிறபோது உள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது. பாதுகாப்பில் அந்தக் குளிர்ச்சி வராது.

ஒத்திகை நாள் வந்தது. கூட்ட அறையில் பெரிய திரை. பெரிய டாக்டர் தன் ரத்தத்தையே காலையில் சோதனைக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவில் கையெழுத்துப் போட்டார். சகலை பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தார். முடிவு திரையில் வந்து நின்றது.

"உடனே வந்துடுச்சே!" என்று பெரிய டாக்டர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அறையே கை தட்டியது. கடைசி நாற்காலியில் பூட்டும் தட்டினார். இரண்டு தட்டுக்கு அப்புறம் அவர் கை நின்றுவிட்டது. இன்னும் மதியம் ஆகவில்லை. அவர் நிரல் இன்னும் ஓடவில்லை. வழியும் திறக்கவில்லை. அப்படியானால் அது எப்படி வந்தது?

நேரே சர்வர் அறைக்குப் போனார். ஃபயர்வாலின் பதிவுகளைப் பார்த்தார். நடு அறையிலிருந்து உள்ளே எதுவும் போனதாக இல்லை, உள்ளிருந்து எதுவும் வந்ததாகவும் இல்லை. ரேக்குக்குப் பின்னால் போனார். டார்ச் அடித்தார். நடு அறைச் சர்வரின் முதுகில் மஞ்சள் கேபிள் இருந்தது. அதற்குப் பக்கத்துத் துளையில் ஒரு நீலக் கேபிள் இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டே போனார். அது ஃபயர்வால் பக்கமே போகவில்லை. நேராக உள் நெட்வொர்க்கின் ஸ்விட்சில் போய் முடிந்தது. கட்டிய நடு அறை, எழுதிய விதி, நிறுத்திய காவல் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு சந்து. இனி நடு அறைக்கு வந்தவன் உள்ளே போகக் கதவை உடைக்க வேண்டாம். நடந்து போகலாம்.

கேபிள் பூட்டு தன் கையால் செய்து பெட்டியில் போட்டு வைத்ததுதான். சகலை அதை மற்றக் கேபிள்களோடு சேர்த்து, வளைவில் மடங்காமல், பட்டை போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தார். அந்தக் கட்டின் நேர்த்திகூடப் பூட்டுக்குப் பொறுக்கவில்லை.

அந்த இடத்திலேயே பிடுங்கியிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு யோசனையே தேவையில்லை. பூட்டு அதைப் பிடுங்கவில்லை. போனை எடுத்துக் கேபிளின் இரண்டு முனையையும் தெளிவாகப் படம் பிடித்தார். பக்கத்தைத் திறப்பதற்கு முன் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே, இதே பெரிய திரையில், இந்தப் படத்தைப் போடலாம். கை தட்டிய அதே கைகள் அப்போது என்ன செய்யும் என்று பார்க்கலாம். ரேக்கின் கதவைச் சாத்தியபோது, வெகுநாளுக்குப் பிறகு, அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

*

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். ஒத்திகை இவ்வளவு நன்றாக நடந்த பிறகு தள்ளிப்போடுவானேன், பக்கத்தை இன்றே திறந்துவிடலாம், கூட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று.

பூட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லிவிடலாமா என்று எழுந்தார். சொன்னால் டாக்டரின் அறையில், நாலு சுவருக்குள், சத்தமில்லாமல் முடிந்துவிடும். திரை கிடையாது, கூட்டம் கிடையாது. உட்கார்ந்தார். அடுத்த வாரம்தானே.

பக்கம் திறந்தது. நோயாளிகள் வந்தார்கள். கூடவே மற்றவர்களும் வந்தார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற நிரல்கள். அது எங்கேயும் எப்போதும் நடப்பதுதான். பூட்டு அவற்றைப் பதிவில் பார்த்துச் சிரிப்பார், "தட்டு தட்டு" என்பார். இன்று சிரிக்க வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் நெஞ்சு ஒரு முறை தட்டியது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமனார் வந்திருந்தார். அவர் சர்க்கரைச் சோதனையின் முடிவு போனுக்கு வந்திருந்தது. அதை ஒரு கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நம்ம சின்னவர் செஞ்சது. ஊசி குத்தின இடம்கூட இன்னும் ஆறல, அதுக்குள்ள ரிப்போர்ட்!"

"பாத்தேன் மாமா."

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"கதவு சாத்தினேன்."

"அதுவும் வேணும்தான்" என்றார் மாமனார், ஆறுதலாக.

மாமனார் போன பிறகு, அப்பாவின் ரிப்போர்ட்டைத் தானும் பார்க்க வேண்டும் என்று மனைவி பூட்டின் போனைக் கையில் எடுத்தாள். மாமனார் அவருக்கும் அனுப்பியிருந்தார். விரல் தவறிப் படங்களுக்குள் போய்விட்டது.

"இது என்னங்க, ஒயரைப் போய் இத்தனை போட்டோ எடுத்து வச்சிருக்கீங்க? நம்ம பொண்ணைக்கூட இப்படி எடுத்ததில்ல."

"ஆபீஸ் விஷயம்."

அவள் பஸ் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஆயிரம் பேர் சொல்கிற கதையைக் கேட்டுப் பழகியவள். போனைத் திருப்பித் தரவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். நடு அறை, இரும்புப் பெட்டி, சந்து, நீலக் கேபிள் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்தது. கடைசியில் "உன் தங்கச்சி வீட்டுக்காரரு வேலைதான் இது. கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு" என்று முடித்தார்.

"இருங்க. திருடன் உள்ள வர வழி திறந்து கிடக்கு."

"ஆமா."

"அதை நீங்க பாத்துட்டீங்க."

"ஆமா."

"பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்துட்டீங்க."

பூட்டு போனுக்குக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"உள்ள யாரோட விவரமெல்லாம் இருக்கு?"

"எல்லாரோடதும்."

"அப்பாவோடது?"

"இருக்கு."

"போன வருஷம் எனக்கு அந்தக் கட்டிக்கு டெஸ்ட் எடுத்தாங்களே, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதேனே, அது?"

அந்தக் கட்டி ஒன்றுமில்லை என்று முடிவு வந்த நாளில், அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதது அவருக்கு நினைவிருந்தது. தங்கைக்குக்கூட அவள் சொல்லவில்லை. அந்தக் காகிதமும் அந்தச் சந்தின் மறுமுனையில்தான் இருந்தது. இதை அவர் யோசிக்கவே இல்லை. கூட்டத்தை யோசித்தார், திரையை யோசித்தார், சகலையின் முகத்தை யோசித்தார்.

"அவரு முட்டாள்தனம் பண்ணினாரு" என்றாள் அவள், போனை அவர் முன்னால் வைத்தபடி. "நீங்க பண்றதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்."

பூட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

கூடத்தில் மாலை ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் சகலை இன்னும் உட்கார்ந்திருந்தார். பூட்டு "வாங்க" என்றார், அவ்வளவுதான். சகலை ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே வந்தார். ரேக்குக்குப் பின்னால் போய்ப் பூட்டு டார்ச் அடித்தார். நீலக் கேபிளைச் சர்வரிலிருந்து பிடுங்கினார். வலைப்பக்கத்தில் புது முடிவுகள் வருவது அந்த நொடியே நின்றது.

"பக்கத்தை சர்வர்ல ஏத்த நீங்க அறையைத் திறந்துவிட்டப்போ, தற்காலிகமாத்தான் சகலை போட்டேன்" என்றார் சகலை. குரல் இறங்கியிருந்தது.

"நம்ம தொழில்ல எல்லாத் தப்பும் அந்தப் பேரோடதான் பொறக்குது."

"மூணு தடவை கேட்டேன். ஒத்திகைக்கு முந்தின நாள் வரைக்கும் காத்திருந்தேன். டாக்டர்கிட்ட உடனே வரும்னு சொல்லிட்டேன். நீங்க பாக்கறேன்னீங்க. நானும் பாத்தேன், நீங்க பாக்கற மாதிரி தெரியல."

பூட்டுக்கு ஒரு பெரிய பதில் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். "உக்காருங்க. முதல்ல யாராவது உள்ள வந்தாங்களான்னு பாக்கணும்."

இருவரும் ஒரே திரையின் முன்னால் தோள் உரச உட்கார்ந்து, பக்கம் திறந்ததிலிருந்து நடு அறைச் சர்வருக்கு யார் யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று வரி வரியாகப் படித்தார்கள். ஒரு வரியில் சகலை விரல் நின்றது. பூட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். யாரோ உள்நுழையும் பக்கத்தில் மாற்றி மாற்றிக் கடவுச்சொல் போட்டிருந்தார்கள். மேலே போய்த் தேடினால், அது மாமனாரின் எண். தன் பிறந்த தேதியை ஒவ்வொரு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மாமாவா!" என்று சகலை நெற்றியில் அடித்துக்கொண்டார். பூட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் ஞாபகம் வந்து நிறுத்தினார்.

யாரும் நுழைந்திருக்கவில்லை. அது காவலால் அல்ல, அதிர்ஷ்டத்தால் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை. சகலை மூன்று முறை கேட்ட அந்தச் சின்ன வழியைப் பூட்டு திறந்தார். உள்ளிருந்து நடு அறைக்கு, ஒரே ஒரு கணினியிலிருந்து, ஒரே ஒரு போர்ட்டுக்கு. எழுதி முடிக்கக் கை கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு நடு அறையிலிருந்து உள்ளே போக முயன்று பார்த்தார்கள். தோற்றது.

"தோத்துடுச்சு!" என்று சகலை கை தட்டினார்.

அந்தத் தோல்விக்கு இன்னொருவர் கை தட்டிப் பூட்டு கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தரியை எடுத்துப் பையில் போட்டார்.

*

காலையில் பெரிய டாக்டரிடம் சொல்ல இருவரும் போனார்கள். பூட்டு ராத்திரியெல்லாம் வாக்கியத்தை மனதில் அடுக்கி வைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"டாக்டர், அவசரத்துல நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்." என்ன தப்பு, அதனால் என்ன ஆகியிருக்கும், இப்போது எப்படிச் சரி செய்தோம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

பெரிய டாக்டர் கோபப்பட்டார். நன்றாகவே கோபப்பட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வந்து நேரா சொன்னீங்களே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

ஒத்துக்கொண்டதற்கும் பாராட்டு. பூட்டு பல்லைக் கடித்தார்.

"நீங்க இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

நேற்று மாலை என்று சொல்லியிருக்கலாம். சகலைக்குக்கூட அது பொய் என்று தெரியாது. மேசைமேல் ஒரு நோயாளியின் முடிவு கிடந்தது. அவசரமாக யாரோ அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், பெயர் தெரியக்கூடாதென்று.

"ஒத்திகை அன்னிக்கே" என்றார் பூட்டு.

சகலை சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரிஞ்சும் பக்கத்தைத் திறக்க விட்டீங்களா?"

"ஆமா டாக்டர். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் காட்டலாம்னு வச்சிருந்தேன்."

இதில் அவருக்கு எதுவும் பிடித்ததாகப் பெரிய டாக்டர் சொல்லவில்லை. மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, இனிமேல் ஃபயர்வாலில் ஒரு விதி திறந்தாலும் மூடினாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், சர்வர் அறைச் சாவியில் ஒன்று சின்னவரிடம் இருக்கட்டும் என்றார். அந்தச் சாவி இதுவரை வேறு யார் கையிலும் இருந்ததில்லை. பூட்டு வளையத்திலிருந்து அதைக் கழற்றினார். நகம் பிய்ந்துபோகும் போல இருந்தது.

வெளியே வந்ததும் சகலை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். இரும்புப் பெட்டியைத் தாண்டும்போது கேட்டார்.

"என்மேல அவ்வளவு எரிச்சலா சகலை?"

"ஆமா, அவ்வளவும்தான்" என்றார் பூட்டு. "குறையும்னு தோணல. ஆனா இனிமே நீங்க ஒண்ணு கேட்டா, முடியாதுன்னா முடியாதும்பேன். முடியும்னா அன்னிக்கே திறந்துடுவேன். பாக்கறேன்னு சொல்ல மாட்டேன்."

"போதும்" என்றார் சகலை. அப்போதும் சிரித்தார். அது ஒன்றுதான் பூட்டுக்குப் புரியவே இல்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் ஆரம்பித்தார்.

"பெரிய மாப்பிள்ளை, அன்னிக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் புது ரிப்போர்ட் ஒண்ணும் வரவே இல்லையாமே. நீங்க எதையோ மூடிட்டீங்களாம்?"

பூட்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலைதான் பேசினார்.

"தப்பு என்னுது மாமா. அவரு மூடலைன்னா நம்ம எல்லாரோட ரிப்போர்ட்டும் தெருவுக்குப் போயிருக்கும். அவராலதான் தப்பிச்சோம்."

மாமனார் நெகிழ்ந்துபோனார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். "பாருங்க, சின்ன மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு! பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரே!"

மனைவிக்குப் புரையேறியது. தண்ணீர்க் குவளையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, பூட்டு பக்கம் பார்க்காமலே இருந்தாள்.

திங்கட்கிழமை பூட்டு வழக்கம்போல ரேக்குக்குப் பின்னால் தூசு துடைக்கப் போனார். நடு அறைச் சர்வரின் முதுகில் மஞ்சள் கேபிள் மட்டும் இருந்தது. பக்கத்துத் துளையில் யாரோ ஒரு சின்ன ரப்பர் அடைப்பை வைத்து, கீழே சீட்டு ஒட்டியிருந்தார்கள். 'இங்கே எதுவும் மாட்டக்கூடாது' என்று எழுதியிருந்தது. சகலையின் கையெழுத்து. கோடு போட்டது போல நேராக, மணி மணியாக. தன் சீட்டுகளில் இருந்த கிறுக்கலைப் பூட்டு ஒரு முறை பார்த்தார், அதை ஒரு முறை பார்த்தார். அப்புறம் தன்னுடையதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தார்.